கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல்

சென்ற இதழில் மியூசியத்தில் உட்கார்ந்து கடல் உயிரினங்களைப் பென்சிலால் வரைவது பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதை ஒட்டி நிறைய கேள்விகள் வந்துவிட்டன, சிலர் வரைந்த படங்களையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே.

எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். தலையில் ஆரம்பித்தேன், முதுகு பாதி வருவதற்குள் தாள் முடிந்துவிட்டது. மறுபடி மறுபடி இதேதான் நடக்கிறது. – கல்லூரி மாணவர், சென்னை

தலையில் ஆரம்பித்ததுதான் சிக்கல், தம்பி. திமிங்கலத்தின் தலை கண்ணை இழுக்கும், அதை அழகாகப் போட வேண்டும் என்ற ஆசையில் கை தானாகவே பெரிதாக வரையும். அடுத்த முறை தாளின் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு கோடு போட்டுவிடுங்கள், மூக்கு நுனி இங்கே, வால் நுனி அங்கே என்று. மிருகம் முழுக்க அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்க வேண்டும். அப்புறம் முதுகெலும்பை ஒரே வளைவாக, கையை எடுக்காமல் ஒரு இழுப்பு. அதன் பிறகு கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் தலையின் நீளத்தைப் பிடித்து, அது மொத்த உடம்பில் எத்தனை தடவை போகிறது என்று எண்ணுங்கள். நீலத் திமிங்கலமாக இருந்தால் தலை மட்டும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வரும். மற்ற இனங்களில் மாறும், அதனால் எண்ணாமல் போடாதீர்கள்.

எலும்பை வரைவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. துடுப்பைப் பாருங்கள். வெளியே பார்த்தால் ஒரு தட்டைப் பலகை, உள்ளே தோள்பட்டையிலிருந்து ஒரு மேற்கை எலும்பு, அப்புறம் முன்கையின் இரண்டு எலும்புகள், மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கை மாதிரியே வரிசையாகப் போகும். நீலத் திமிங்கலக் குடும்பத்தில் விரல் நாலு. கழுத்தில் நம்மைப் போலவே ஏழு எலும்பு, ஆனால் தட்டுத் தட்டாக நெருங்கி இருக்கும். கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகள் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்து வந்து முகவாயில் ஒட்டாமலே நிற்கும், பலர் அதைச் சேர்த்து வரைந்துவிடுகிறார்கள். வால் பக்கம் வந்தால் எலும்பு சிறுத்துக்கொண்டே போய் நின்றுவிடும், ஏனென்றால் அந்த அகன்ற வால் துடுப்புக்குள் எலும்பே கிடையாது, முதுகுத் துடுப்புக்கும் அப்படித்தான். எலும்புக்கூட்டை மட்டும் பார்த்து முழு உடம்பை ஊகித்தால் வாலே இல்லாத ஒரு பிராணி வரும். அதைத் தெரிந்துகொண்டே வரையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் மையக் கூடத்தில் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்று தொங்குகிறது. 221 எலும்புகள். 1891ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரை ஒதுங்கியது, இப்போது அதற்கு ஹோப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் வேறொரு கூடத்தில் நேராகக் கிடையாகத் தொங்கியது. 2017ல் இடம் மாற்றியபோது வாயைத் திறந்து, இரையை நோக்கிக் கீழே பாய்கிற மாதிரி உடம்பை வளைத்துத் தொங்கவிட்டார்கள். அதே எலும்புகள்தான். ஆனால் முன்பு வரைந்தவரின் படமும் இப்போது வரைகிறவரின் படமும் வேறு வேறு திமிங்கலம் போலத் தோன்றும். எலும்பு அந்த உயிரினத்துடையது, வளைவு அதைக் கம்பியில் கோத்தவர்களுடையது. எந்தக் காட்சிப் பொருள் முன்னால் உட்கார்ந்தாலும் இந்த ஒரு கேள்வியை நான் கேட்டுக்கொள்வேன்: இதில் எது விலங்கு, எது அதை நிறுத்தி வைத்தவர் கை? கீழே வரும் பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்.

என் மகனுக்குப் பத்து வயது. பாட்டிலில் போட்டு வைத்திருக்கும் மீன், கணவாய், கடல் அட்டை எல்லாவற்றையும் வரைகிறான். எல்லாமே ஒரே வெளிறிய மஞ்சளாக இருக்கின்றன. அப்படியே வண்ணம் தீட்டச் சொல்லலாமா? – வாசகி, தூத்துக்குடி

வேண்டாம். பாட்டிலைப் பார்த்து வடிவத்தை மட்டும் பென்சிலில் எடுக்கச் சொல்லுங்கள், நிறத்தை அங்கிருந்து எடுக்கவே கூடாது. ஃபார்மலினிலும் ஸ்பிரிட்டிலும் கிடக்கும் உடம்பிலிருந்து நிறம் போய்விடும், வருடக்கணக்கில் கிடந்தால் எல்லாமே அந்த ஒரே மஞ்சளுக்கு வந்துவிடும். ஆரம்ப காலத்தில் நான் பாட்டிலில் பார்த்த கணவாயை அப்படியே வெளிர் மஞ்சளில் தீட்டி ஒரு சிறுவர் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தேன். ராமேஸ்வரத்தில் ஒரு மீனவரிடம் அதைக் காட்டியபோது, "இது செத்து ரெண்டு நாளான கணவாய்ங்க" என்றார். சரியாகச் சொன்னார். அன்றிலிருந்து பாட்டில் பொருளுக்கு வண்ணப் பென்சிலை எடுப்பதில்லை.

நீங்கள் இருப்பது தூத்துக்குடியில். இதைவிட நல்ல இடம் வேறு என்ன வேண்டும்? காலையில் படகு வரும் நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த கணவாயின் தோலில் பழுப்பும் ஊதாவும் புள்ளி புள்ளியாக விரிந்து சுருங்குவதைச் சில நேரம் பார்க்கலாம். தோலுக்குள் குட்டிக் குட்டி நிறப்பைகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றியிருக்கும் தசை இழுத்தால் நிறம் விரியும், விட்டால் ஒடுங்கும். அங்கே நின்று வரைய முடியாது, கூட்டமும் ஈரமுமாக இருக்கும். ஆனால் ஒரு சின்ன நோட்டில் நிறத்தின் பெயரை எழுதிக்கொண்டு வரலாம்: முதுகு இந்த நிறம், வயிறு இந்த நிறம், கண்ணைச் சுற்றி பச்சைப் பளபளப்பு என்று. அவன் வீட்டு வார்த்தைகளிலேயே எழுதட்டும், கத்திரிக்காய்த் தோல் நிறம், வெந்தயக் கீரை நிறம் என்று எப்படி வேண்டுமானாலும். மியூசியத்தில் எடுத்த வடிவமும் கடற்கரையில் எடுத்த நிறக் குறிப்பும் வீட்டு மேஜையில் ஒன்று சேர வேண்டும்.

வடிவத்திலும் ஒரு எச்சரிக்கை. உருண்டையான பாட்டிலில் திரவம் இருந்தால் அது ஒரு பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். உயரம் மாறாது, அகலம் மட்டும் கூடிப்போகும். ஒல்லியான கடல் பாம்புகூட குண்டாகத் தெரியும். தட்டையான பக்கம் உள்ள கண்ணாடித் தொட்டி கிடைத்தால் அதை முதலில் வரையச் சொல்லுங்கள். உருண்டைதான் இருக்கிறது என்றால் உயரத்தை நம்பலாம், அகலத்தை நம்பக் கூடாது.

நிறமும் உருவமும் இப்படிப் போய்விடுவது மியூசியக்காரர்களுக்கே பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. சொறி மீன், கடல் தாமரை போன்ற மெத்து மெத்தென்ற உயிர்களை ஸ்பிரிட்டில் போட்டால் கொஞ்ச நாளில் ஒரு கசங்கிய துணி மாதிரி ஆகிவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த கண்ணாடிக் கலைஞர்கள் லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்ஃபும். 1853ல் லியோபோல்ட் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனபோது காற்று விழுந்து கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது, அந்த நாட்களில் சொறி மீன்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்தார். பத்து வருடம் கழித்து 1863ல் டிரெஸ்டன் மியூசியத்துக்காகக் கடல் தாமரைகளைக் கண்ணாடியிலேயே செய்து கொடுத்தார். அப்புறம் தந்தையும் மகனுமாக ஆயிரக்கணக்கில் செய்தார்கள். லண்டன், டப்ளின், ஹார்வர்டு, கார்னெல் என்று பல இடங்களில் இன்றும் அவை இருக்கின்றன. இழை இழையாகத் தொங்கும் கைகள், உள்ளே தெரியும் குடல் வரை கண்ணாடி. ஒரு ஓவியன் கப்பல் தட்டில் உட்கார்ந்து போட்ட கோடுகளிலிருந்து இதெல்லாம் தொடங்கியது என்று உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

மியூசியத்தில் போனில் எடுத்த படத்தை வைத்து ஒரு சங்கு வரைந்தேன். எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். படத்தைப் பார்த்ததும், "வலம்புரியா இது, எங்க பார்த்த?" என்று கேட்டார். சாதாரண சங்குதான். எங்கே தவறு? – வாசகர், கீழக்கரை

தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். போனில் படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறது. முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கலாம், அல்லது வெளிச்சத்தில் வைத்துத் தாளின் பின்பக்கமிருந்து பிரதி எடுத்திருக்கலாம்.

ஒரு சங்கைச் சுருள் தொடங்கும் கூர் முனை மேலே இருக்கும்படியும் வாய் உங்களைப் பார்க்கும்படியும் நிறுத்தினால் சாதாரண சங்கின் வாய் உங்கள் வலது கைப் பக்கம் திறந்திருக்கும். இடது பக்கம் திறந்திருந்தால் அதுதான் நாம் வலம்புரி என்று சொல்வது. விலங்கியல் புத்தகத்தில் பெயர் தலைகீழாக இருக்கும், வலம்புரியை அவர்கள் இடச்சுழி என்பார்கள். நாம் சங்கைப் பிடிக்கும்போது கூர் கீழே போய்விடுகிறது, அவர்கள் கூரை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இலட்சத்தில் ஒன்று என்று மதித்துத் தேடும் பொருளை ஒரு போன் அரை நொடியில் உண்டாக்கிவிடுகிறது பாருங்கள்.

இதில் நீங்கள் தனியாள் இல்லை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650ல் ஒரு கூம்புச் சங்கைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். தகட்டில் கீறுவது தாளில் இடவலமாக மாறித்தான் விழும். கையெழுத்தை அதற்கேற்பத் திருப்பிக் கீறினார், அதனால் பெயர் சரியாக வந்தது. சங்கை மட்டும் பார்த்தபடியே கீறிவிட்டார், அதனால் அச்சில் அது தவறான பக்கம் சுழல்கிறது. ஒளியும் நிழலும் அதில் அப்படியொரு அழகு, ஆனால் உங்கள் தாத்தா பார்த்தால் முதல் பார்வையிலேயே நிறுத்திவிடுவார்.

அதனால் சங்கு, நத்தை எதுவாக இருந்தாலும் வரைய ஆரம்பிக்கும் முன்பே தாளின் மூலையில் "வாய் வலது" என்று எழுதிவிடுங்கள். எழும்பூர் மியூசியத்தில் 1885லிருந்து பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளித்தலைப் பற்றித் தனியாகவே எழுதியவர். உங்கள் கரையைப் பற்றிய அறிவு அங்கே அப்படிப் போய்ச் சேர்ந்தது, உங்கள் வீட்டிலோ அது தாத்தாவின் கண்ணிலேயே இருக்கிறது. வரைந்த ஒவ்வொரு சங்கையும் அவரிடம் காட்டிய பிறகு அனுப்புங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நியூயார்க் மியூசியத்தில் தொங்கும் பெரிய நீலத் திமிங்கல மாடலை பிள்ளைகள் வரைய ஆசைப்படுகிறார்கள். மாடலை வரைவது சரியா? உண்மையான உடம்பைத்தான் வரைய வேண்டுமா?

தாராளமாக வரையலாம். திமிங்கலத்தைப் பாடம் பண்ணி வைப்பது மிக மிக அரிது, அதனால் முழு உடம்பைப் பார்க்க மாடல்தான் வழி. ஆனால் அந்த மாடலின் கதையைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். 1925ல் தென் அமெரிக்காவின் தென்முனைக்கு அருகே இறந்து கிடந்த ஒரு பெண் திமிங்கலத்தின் படங்களை வைத்து 1960களில் செய்தது, 94 அடி நீளம். அப்போது நீலத் திமிங்கலம் தண்ணீருக்குள் நீந்துவதை யாரும் சரியாகப் படம் எடுத்திருக்கவில்லை. பின்னால் உயிரோடு நீந்தும் படங்கள் வந்ததும் பல இடங்கள் பொருந்தவில்லை என்று தெரிந்தது. 2003ல் கூடத்தைப் புதுப்பித்தபோது கண்ணைத் திருத்தினார்கள், மூச்சுத் துளைகளைத் திருத்தினார்கள், தாடையைத் தட்டையாக்கினார்கள், வாலைச் சரிசெய்தார்கள், அதுவரை இல்லாத தொப்புளையும் வைத்தார்கள். திமிங்கலமும் பாலூட்டி, அதற்குத் தொப்புள் உண்டு. பிள்ளைகளைக் கீழே படுக்கச் சொல்லி அந்தத் தொப்புளைத் தேட விடுங்கள், அங்கே தரையில் படுத்து அண்ணாந்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கீழே இருந்து பார்ப்பதால் கிட்டே இருக்கும் பாகம் மிகப் பெரிதாகவும் தூரத்து வால் சின்னதாகவும் வரும். அதைத் திருத்தாமல் அப்படியே வரையட்டும். எங்கே நின்று பார்த்தேன் என்று படத்தின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போகலாம்? கண்ணாடியில் என் முகம்தான் தெரிகிறது. – வாசகி, திருச்சி

பென்சில், ரப்பர், கெட்டி அட்டை வைத்த நோட்டு. பல மியூசியங்களில் மையும் வண்ணமும் அனுமதிக்க மாட்டார்கள், மடக்கு நாற்காலி கொண்டுபோவதற்கு முன் காவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் கண்ணாடியில் உங்கள் நிழல் குறையும், நேராக நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நின்று பாருங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

பாடம் பண்ணிய கடலாமைகளை வரைந்தால் எல்லாம் ஒரே ஆமையாக வருகிறது. – ஆசிரியை, கன்னியாகுமரி

ஓட்டின் ஓரக்கோட்டில் நேரத்தைச் செலவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓட்டின் மேல் உள்ள தகடுகளை எண்ணுங்கள். நடுவில் தலையிலிருந்து வால் வரை ஒரு வரிசை, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய வரிசை. பேராமைக்கும் அழுங்காமைக்கும் பக்கத்துக்கு நாலு தகடு. அழுங்காமையில் ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும், வாயும் கிளி மூக்கு மாதிரி கூர்ந்திருக்கும். பேராமையில் தகடுகள் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து படிந்திருக்கும். நெற்றியில் கண்களுக்கு நடுவே பேராமைக்கு ஒரு ஜோடி செதில், அழுங்காமைக்கு இரண்டு ஜோடி. பங்குனி ஆமைக்குப் பக்கத் தகடுகள் அதிகம், பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல், சில நேரம் இடது பக்க எண்ணிக்கையும் வலது பக்க எண்ணிக்கையும்கூட ஒன்றாக இருக்காது. ஏழுவரி ஆமைக்குத் தகடே கிடையாது, தோல் மூடிய முதுகில் நீள நீளமாக ஏழு வரம்பு.

கண்ணை நம்பாதீர்கள், அது வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய கண்ணாடிக் கண். கழுத்து மடிப்பும் அப்படித்தான், காய்ந்து சுருங்கிய தோல். தகடு மட்டும் அந்த ஆமையுடையது, அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள். கையில் கேமரா இருக்கும்போது, அதுவும் என்னைப் போலச் சுமாராக வரைகிறவன், எதற்காக மூன்று மணி நேரம் ஒரு செத்த மீன் முன்னால் உட்கார வேண்டும்? – வாசகர், கோவை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1938 டிசம்பர் 22. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக ஊர். அங்கே ஒரு சின்ன மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம்பெண்ணுக்கு, வலையில் வந்ததை வந்து பாருங்கள் என்று துறைமுகத்திலிருந்து அழைப்பு. குவியலுக்கு அடியில் நீல நிறத்தில், ஒன்றரை மீட்டர் நீளத்தில், அதுவரை அவர் பார்த்தே இராத ஒரு மீன். வாடகைக் காரில் ஏற்றி மியூசியத்துக்குக் கொண்டுவந்தார். கடும் கோடை, அவ்வளவு பெரிய மீனை வைக்கக் குளிர் வசதி இல்லை. மறுநாள் அவர் ஒரு தாளில் அந்த மீனை வரைந்து, அளவும் குறிப்பும் எழுதி, மீன்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ஜே. எல். பி. ஸ்மித்துக்குத் தபாலில் போட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். சுமார் என்று நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்கிறீர்களே, அதே சுமார். நிழல் கிடையாது, நளினம் கிடையாது. ஆனால் துடுப்புகள் உடம்பிலிருந்து நேராக முளைக்காமல் தடித்த சதைக் காம்புகளின் நுனியில் இருப்பதைப் போட்டிருந்தார். வாலின் நடுவில் இன்னொரு குட்டி வால் நீட்டிக்கொண்டிருப்பதையும் போட்டிருந்தார். செதில் கெட்டியானது என்று எழுதியிருந்தார். ஜனவரி 3ஆம் தேதி கடிதம் ஸ்மித் கைக்குப் போனது. டைனோசர்கள் காலத்தோடு அழிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த சீலகாந்த் என்ற மீன் வகை அது என்று அந்தக் கோடுகளிலிருந்தே அவருக்குப் பொறி தட்டியது. எலும்பையும் செவுளையும் காப்பாற்றுங்கள் என்று உடனே தந்தி அடித்தார். அதற்குள் மீன் அழுகத் தொடங்கிவிட்டதால் உள்ளுறுப்புகளை எடுத்துக் குப்பையில் போட்டுத் தோலைப் பாடம் பண்ணியிருந்தார்கள். போட்டோக்களும் கெட்டுப்போனதாகச் சொல்கிறார்கள். மிஞ்சியது பாடம் பண்ணிய உடம்பும் அவர் வரைந்த அந்தப் படமும். அடுத்த வருடம் ஸ்மித் அந்த மீனுக்கு வைத்த பெயரில் லாட்டிமரின் பெயரும் இருக்கிறது: லாட்டிமேரியா.

கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிவு செய்யும். வரைகிறவர் அந்தச் சதைக் காம்பின் முன்னால் நின்று, இது என்ன இப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் குழம்பித்தான் கோடு போட முடியும். எனக்குத் தெரிந்து அந்தக் குழப்பம் வருகிற நிமிடத்துக்காகத்தான் மூன்று மணி நேரம் உட்கார்கிறோம். படம் நன்றாக வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் துடுப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று நீங்கள் பார்த்தாகிவிட்டது.

எதில் ஆரம்பிக்கலாம்? இதுவரை பென்சில் பிடித்ததே இல்லை. – இல்லத்தரசி, சிதம்பரம்

நண்டு. மீன் மாதிரி காய்ந்து சுருங்காது, கணவாய் மாதிரி தொய்ந்து போகாது, ஓடு கெட்டி என்பதால் மியூசியத்தில் இருப்பதும் கடலில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே வடிவம். நிறம் மட்டும் போயிருக்கும். கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால், கடைசி ஜோடி துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் அது நீந்தும் நண்டு. திருப்பிப் பார்த்தால் வயிற்றில் மடிந்த மூடி குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். மியூசியத்தில் திருப்பிப் பார்க்க விட மாட்டார்கள், அதனால் முதல் நண்டை வீட்டிலேயே வரையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்ததும் ஒரு தட்டில் மல்லாக்கப் போட்டு, மசாலா அரைக்கப் போகும் முன் ஒரு இருபது நிமிடம். முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, இரண்டையும் அனுப்புங்கள், அடுத்த இதழில் அதிலிருந்தே தொடர்வோம்.